நூற்றைம்பது கிராம் தண்ணீர்

சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, வெள்ளாரிப்பட்டு ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் அரங்கநாதன் மேற்குத் தெரு வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது வானத்தில் வெடிச்சத்தம் கேட்டது. மலை அடிவாரத்துக் குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்தார். அடுத்த நொடி, காற்றைக் கிழித்துக்கொண்டு ஏதோ ஒன்று வந்து, அவர் காலடியிலிருந்து இரண்டு முழம் தள்ளி மண்ணில் புதைந்தது. அரங்கநாதன் டேங்கின் தூணுக்குப் பின்னால் ஓடிப்போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். தன் உயிர் தப்பியது அவருக்கு உடனே தோன்றவில்லை. டேங்கில் விரிசல் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது என்பதுதான் முதலில் தோன்றியது.

டேங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்தது ஒரு கல். உரித்த தேங்காய் அளவு இருக்கும். மேல்தோல் கரிபிடித்த வாணலி போலக் கறுத்திருந்தது. உடைந்த பக்கத்தில் தாரும் ஈரமண்ணும் கலந்த மாதிரி ஒரு வாடை. தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை.

அங்கேயே வேலிப்பக்கம் வீசியிருக்கலாம். பிறகு ஊரில் எல்லோரும் அவரிடம் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அரங்கநாதன் பதினாறு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருப்பவர். வீசும்போது யாராவது பார்த்து, எதை வீசினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? தோளில் கிடந்த துண்டில் கல்லைச் சுற்றி எடுத்துக்கொண்டு கலீலுல்லாவின் மளிகைக் கடைக்குப் போனார்.

"பாய், இத்த எடை போட்டு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

"கல்லுக்கு இன்னாத்துக்குண்ணே எடை?"

"நாளைக்கு யாராச்சும் வந்து கொறையுதுன்னு சொல்லிட்டா?"

கலீலுல்லா சிரித்துக்கொண்டே தராசில் வைத்தார். இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம். கடைச் சீட்டில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். அரங்கநாதன் அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

ஊராட்சிச் செயலர் தமிழ்வேந்தன் கல்லை நாலு பக்கமும் படம் எடுத்து மேலே அனுப்பினார். "ஆபீஸ் பீரோவுக்குப் பூட்டு சரியில்ல. உங்க வூட்லயே வைங்க, பத்திரம்" என்றார். பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் அரங்கநாதன் சட்டைப்பையிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி ராஜாம்பாள், வாடை தாங்கவில்லை என்று கல்லைக் கொண்டுபோய்க் கொட்டகைத் தகரத்தின் மேல் வைத்தாள். மூன்று நாள் அது அங்கே வெயிலில் கிடந்தது. அரங்கநாதன் மூன்று நாளும் அதன் கீழே கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார்.

வான்வீழ் பொருள் பாதுகாப்பு இயக்ககம் என்று ஒன்று இருப்பது அதுவரை வெள்ளாரிப்பட்டில் யாருக்கும் தெரியாது. வானத்திலிருந்து விழும் பொருள்களைக் காப்பதற்காக ஒன்பது வருடத்துக்கு முன் தொடங்கப்பட்டது. அந்த ஒன்பது வருடத்தில் எதுவும் விழவில்லை. அதற்காக இயக்ககம் சும்மா இருந்துவிடவில்லை. மாதம் தவறாமல் "இம்மாதம் ஏதும் விழவில்லை" என்று மூன்று படிகளில் அறிக்கை அனுப்பியது. ஒருமுறை அந்த அறிக்கை நான்கு நாள் தாமதமானதால் ஓர் உதவியாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். விழப்போகும் பொருளைப் பெற்றுக்கொள்ள ஒரு வெல்வெட் பெட்டி வாங்கினார்கள். அதை எலி கடித்துவிட்டதால் இரண்டாவது பெட்டி வாங்கினார்கள்.

அந்த இரண்டாவது பெட்டியோடுதான் சனிக்கிழமை இரண்டு ஜீப்புகளில் வந்து இறங்கினார் இணை இயக்குநர் கவியரசன். டேங்கின் கீழே சாமியானா போட்டார்கள். ஊர் கூடியது. கவியரசன் மைக்கைப் பிடித்தார்.

"ஒன்பது ஆண்டுகள் நாங்கள் காத்திருந்தோம். வானம் எங்களைக் கைவிட்டுவிட்டது என்று பேசியவர்கள் உண்டு. எங்கள் இயக்ககத்தைக் கலைத்துவிடலாம் என்று குறிப்பு எழுதியவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் இன்று வானமே பதில் சொல்லிவிட்டது. பொதுமக்களே, இதை வெறும் கல் என்று நினைக்காதீர்கள். எங்கள் இயக்ககத்துக்கு இனி இருபது ஆண்டு ஆயுள் உண்டு என்பதற்கான அத்தாட்சி இது."

ஊழியர்கள் கைதட்டினார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் கல்லைத் தூக்கி மின்தராசில் வைத்தார். ஒரு கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம்.

"முன்னாடி எடை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார் கவியரசன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். அரங்கநாதன் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். கவியரசன் சீட்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், பிறகு அரங்கநாதனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நூற்றைம்பது கிராம் குறைகிறது" என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. தமிழ்வேந்தன்தான் படித்துக் காட்டினார்.

"மேற்படி வான்வீழ் பொருள் நீரை உட்கொண்ட வகையைச் சேர்ந்தது என ஆய்வகம் தெரிவிக்கிறது. ஆகவே, தங்கள் வசம் இருந்த காலத்தில் அதிலிருந்து காணாமற்போன 150 கிராமும் நீரே என்று இவ்வலுவலகம் முடிவு செய்கிறது. அந்நீரின் வயது சுமார் 456 கோடி ஆண்டுகள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எதுவும் இயக்கக விதி 14-இன்படி தொல்பொருள் ஆகும். மேற்படி தொல்பொருளைத் தாங்கள் குடித்தீர்களா, விற்றீர்களா, ஆவியாக்கினீர்களா என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆவியாக்கியிருப்பின், ஆவியானதை நேரில் கண்ட சாட்சிகள் இருவரின் முகவரியை இணைக்கவும். தவறினால் குற்ற நடவடிக்கை தொடரும்."

தமிழ்வேந்தன் கடைசி வரியை மட்டும் மெதுவாகப் படித்தார். அரங்கநாதனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாய் தண்ணீர் கேட்க நினைத்து, தண்ணீர் என்ற சொல்லையே சொல்லப் பயந்து பேசாமல் இருந்தார்.

ராஜாம்பாளுக்குக் கோபம்தான் வந்தது. "ஒரு டம்ளரு தண்ணிக்கு இம்மாம் பெரிய கடுதாசியா? டேங்க்லருந்து மொண்டு குடுத்துட்டு வாங்க."

"அது வேற தண்ணி ராஜாம்பா. நானூத்தி அம்பத்தாறு கோடி வருசத்துத் தண்ணியாம்."

"அப்ப எப்பவோ கெட்டுப் போயிருக்கும். கெட்டதுக்கு இன்னாத்துக்கு வழக்கு?"

அரங்கநாதன் சாப்பிடவில்லை. யோசித்து யோசித்து ஒரு கட்டத்தில், தானே அந்தத் தண்ணீரைக் குடித்திருப்போமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாள் அதன் கீழேதானே படுத்திருந்தார். வாய் திறந்து தூங்குகிற வழக்கம் வேறு அவருக்கு உண்டு. ஒரு பொட்டு சொட்டியிருந்தால்? அவர் கலீலுல்லாவிடம் போய் மெல்லக் கேட்டார்.

கலீலுல்லா கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அண்ணே, நீங்க அன்னிக்குத் துண்டோட சேத்துத்தான குடுத்தீங்க?"

அரங்கநாதன் தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"துண்டு நூத்தம்பது கிராம் இருக்காதா? நான்தான் கழிக்காம எழுதிட்டேன். கல்லுதானேன்னு."

அன்று அரங்கநாதன் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

விசாரணை கள்ளக்குறிச்சியில் நடந்தது. இயக்ககத்துக்கு மாவட்டத்தில் அலுவலகம் கிடையாது என்பதால் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மணமேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் கவியரசன் உட்கார்ந்திருந்தார். அடுத்ததில் பெட்டிக்குள் கல் இருந்தது. முந்தின நாள் கல்யாணத்துப் பூத்தோரணம் வாடித் தொங்கியது. கீழே, மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில், அரங்கநாதன் துண்டோடு நின்றார்.

துண்டை எடை போட்டார்கள். நூற்று நாற்பத்தெட்டு கிராம்.

"இரண்டு கிராம் எங்கே?"

"சார், வூட்ல தொவைச்சிட்டாங்க சார். அழுக்கு சார்."

கவியரசன் முன்னால் சாய்ந்தார். "அதாவது, விசாரணையில் இருக்கும் ஒரு சாட்சியப் பொருளைத் தண்ணீரில் அலசியிருக்கிறீர்கள். அழுக்கை அரசுக்குத் தெரிவிக்காமல் நீக்கியிருக்கிறீர்கள்."

"அழுக்குன்னு நெனச்சித்தான் சார்."

"எது அழுக்கு, எது ஆதாரம் என்று முடிவு செய்ய நாங்கள் எதற்கு இருக்கிறோம்?"

துண்டு பறிமுதல் செய்யப்பட்டது. ரசீது கொடுத்தார்கள். காணாமற்போன தண்ணீர் இப்போது இரண்டு கிராமாகக் குறைந்திருந்தது. ஆனால் குற்றம் மட்டும் குறையவில்லை என்று கவியரசன் விளக்கினார். குற்றத்துக்கு எடை கிடையாதாம்.

அப்போது எழுந்தவர் கமர் ஜஹான். கல்லைச் சோதித்த ஆய்வகத்தின் விஞ்ஞானி. உளுந்தூர்பேட்டைக்காரர். அரங்கநாதன் நிற்கிற நிலையைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை.

"சார், நான் கொஞ்சம் வெளக்கட்டுமா? இந்தக் கல்லுல தண்ணி சொட்டுச் சொட்டா கெடையாது. களிமண் மாதிரியான தாதுக்குள்ள கல்லோட கல்லா கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. அடுப்புல வெச்சி வறுத்தாலே லேசுல வராது. வெயில்ல வெச்சா எப்படி சார் போவும்? இந்த அண்ணன் ஒண்ணும் பண்ணல."

அரங்கநாதன் இரு கைகளையும் கூப்பினார். கமர் ஜஹான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தன் படிப்பின் மீது பிரியம் ஜாஸ்தி.

"இன்னொன்னும் சொல்றேன். சூரியன் உருவாகறப்ப அதுக்குக் கிட்ட இருந்த எடமெல்லாம் ஒரே சூடு. தண்ணி பனிக்கட்டியா நிக்கணும்னா ரொம்பத் தூரம் தள்ளிப் போவணும். அங்க உருவான இந்த மாதிரிக் கல்லுங்க பூமி மேல வந்து விழுந்து விழுந்துதான் நம்ம கடலுக்குத் தண்ணி வந்திருக்கணும்னு நெனைக்கறோம். வால்நட்சத்திரம் கொஞ்சம் கொண்டாந்திருக்கலாம். பூமி உருவான கல்லுலயே கொஞ்சம் இருந்திருக்கலாம். முழுசா இன்னும் தெரியாது. ஆனா கடல் தண்ணியில கனமான ஹைட்ரஜன் எவ்ளோ இருக்கோ, கிட்டத்தட்ட அதே அளவுதான் இந்தக் கல்லுங்கள்லயும் இருக்கு. நிலாவுல வெயிலே படாத பள்ளத்துல ஐஸ் இருக்கு. வியாழனோட ஒரு துணைக்கோள்ல ஐஸுக்கு அடியில கடலே இருக்குன்னு சொல்றாங்க. எல்லாம் ஒரே காலத்துச் சரக்கு." அவர் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இதுல இருக்கறதுக்கும் அதே வயசுதான் சார். சூரியனுக்கு முன்னாடி இருந்த தண்ணிகூட இதுல கலந்திருக்கும். இந்த அண்ணன் தெனமும் டேங்க்லருந்து தொறந்து விடறாரே, அதுவும் அப்படித்தான். நூத்தம்பது கிராமுக்கு இவரப் பிடிச்சா ஊர்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். கவியரசன் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து நின்றார். அவர் முகத்தில் பெரிய வெளிச்சம் ஒன்று பரவிக்கொண்டிருந்தது.

"மேடம், இதை எழுத்தில் தர முடியுமா?"

"தாராளமா சார்" என்றார் கமர் ஜஹான். வழக்கு முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். அரங்கநாதனுக்கு மட்டும் பயமாக இருந்தது. அதிகாரி ஒருவர் சந்தோஷப்பட்டு அவர் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜீப்புகள் டேங்குக்கு வந்தன. வால்வுக் குழியைக் கம்பியால் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார்கள். மோட்டார் அறைக்குப் பூட்டு. டேங்கில் இருந்த அறுபதாயிரம் லிட்டர் நீரும் 456 கோடி ஆண்டுப் பழைய தொல்பொருள் என்பதால் இயக்ககத்தின் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று தட்டி கட்டினார்கள்.

தமிழ்வேந்தனுக்கே தாங்கவில்லை. "சார், அப்படிப் பாத்தா சின்னசேலத்துத் தண்ணி, சேலத்துத் தண்ணி எல்லாமே அதானே சார்? எங்க டேங்க் மட்டும் இன்னா பண்ணுச்சு?"

"எல்லாமே தொல்பொருள்தான். மறுக்கவில்லை" என்றார் கவியரசன். "ஆனால் இப்போதைக்கு எங்களிடம் முத்திரை ஒன்றுதான் இருக்கிறது. மற்ற டேங்குகளுக்கு முத்திரை வாங்க நிதி கேட்டிருக்கிறோம்."

லாரியில் தண்ணீர் கொண்டுவரலாமா என்று கேட்டார்கள். லாரித் தண்ணீரும் தொல்பொருள் என்பதால் இடமாற்ற அனுமதி வேண்டும், அந்தப் படிவம் இன்னும் அச்சாகவில்லை என்று பதில் வந்தது. முத்திரைக்குக் காவலாளாக அரங்கநாதனே நியமிக்கப்பட்டார். உடைந்தால் ஏழு வருடம் உள்ளே என்று சொல்லிவிட்டு ஜீப்புகள் கல்வராயன் மலைப்பக்கம் போயின.

வெள்ளாரிப்பட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட வேறொரு குவாரியின் குட்டைக்கு நடந்தார்கள். அங்கே தண்ணீர் பச்சையாக இருந்தது. துணியில் வடிகட்டினார்கள், காய்ச்சினார்கள், காய்ச்ச விறகு கிடைக்காதவர்கள் அப்படியே குடித்தார்கள். அரங்கநாதன் டேங்கின் கீழே உட்கார்ந்து அரக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் அரக்கு இளகி முத்திரை தானே அழிந்துவிடுமோ என்று பயந்து, குடையைக் கொண்டுவந்து அதற்குப் பிடித்தார். தெருவில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

நான்காம் நாள் கிழக்குத் தெருவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கியது. ஐந்தாம் நாள் ஒன்பது பேர் படுத்துவிட்டார்கள். கண்ணகி என்ற இளம்பெண், இரண்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு டேங்கடிக்கு வந்தாள். பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. தலை தொங்கியது.

"மாமா, மேல டேங்க்ல தண்ணி இருக்குதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"இருக்குது தாயி."

அவள் அண்ணாந்து டேங்கைப் பார்த்தாள். பிறகு குவாரிப் பக்கம் நடந்தாள்.

அன்றே அரங்கநாதன் மனு எழுதி வாங்கிக்கொண்டு வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினார். இயக்ககத்தார் அங்கே விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார்கள். மலையில் காற்று குளிர்ச்சியாக இருந்தது. கவியரசன் விடுதியில் இல்லை. அருவிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அரங்கநாதன் தேடிப்போனபோது, இணை இயக்குநர் தலையில் எண்ணெய் வழிய அருவிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். ஊழியர் ஒருவர் கரையில் சோப்புப் பெட்டியோடு நின்றார்.

"ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது" என்றார் அந்த ஊழியர். "அருவி நீரின் பழமையை முதற்கட்டமாகத் தோலால் உணர்கிறார். ஓரமாய் நில்லுங்கள்."

முக்கால் மணி நேரம் கழித்து ஆய்வு முடிந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே கவியரசன் மனுவைப் படித்தார்.

"டேங்குக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

"போர்லருந்து சார்."

"போருக்கு?"

"ஏரி ஊத்துலருந்து சார்."

"ஏரிக்கு?"

"மழ பேஞ்சா ரொம்பும் சார்."

"மழை எங்கிருந்து வருகிறது?"

அரங்கநாதன் தயங்கினார். "மேலருந்து சார்."

"மேலே என்றால்?"

"வானத்துலருந்து சார்."

"வானத்திலிருந்து விழுவதெல்லாம் யார் பொறுப்பு?"

"உங்குளுதுதான் சார்."

"அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார் கவியரசன் அன்பாக. எழுதிய தாளை ஊழியர் தயாராக வைத்திருந்தார். அரங்கநாதன் கையெழுத்துப் போட்டார்.

"சார், பச்சப் புள்ளைங்க படுத்துக்கினு இருக்குதுங்க சார்."

"வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மேலிருந்து விழுந்த விஷயம் இல்லையே. எங்கள் வரம்புக்குள் வராது."

பஸ் வளைவுகளில் இறங்கும்போது அரங்கநாதன் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் மலைப்பாதைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, ஜன்னலைப் பார்க்காதீர்கள் என்று சொன்னார். அரங்கநாதன் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. பிள்ளை இருக்குமா என்பது ஒரு பயம். ஏழு வருடம் என்பது ஒரு பயம். இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார். எது பெரியது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததுதான் அவரை அதிகமாக நடுங்க வைத்தது.

ஊரில் இறங்கியபோது மணி மூன்று. கண்ணகியின் பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அரங்கநாதன் நேரே வீட்டுக்குப் போய்க் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு டேங்கடிக்கு வந்தார். கை ஆடியதில் குறடு இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை கம்பி அறுந்தது. அரக்கு தூள்தூளாக உதிர்ந்தது. மூன்று தெருவின் வால்வுகளையும் ஒன்றாகத் திறந்தார். குழாய்க்குள் முதலில் காற்று இருமியது. பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் மண்ணுக்கு அடியில் கேட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசாமல், குடம் இடிபடாமல், திருடுகிறவர்கள் மாதிரி வேகவேகமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ராஜாம்பாள் ஒரு மஞ்சள் பையில் இரண்டு வேட்டி, பிரஷர் மாத்திரை, ஒரு சோப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள்.

"ஜெயில்ல போர்வ குடுப்பாங்களான்னு தெரியல" என்றாள்.

காலையில் ஜீப் வந்தது. கவியரசன் இறங்கி அறுந்த கம்பியைப் பார்த்தார். அரங்கநாதன் மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நின்றார்.

"எவ்வளவு போயிருக்கு?"

"முழுசும் சார். அறுபதாயிரம் லிட்டரும்."

கவியரசன் உதவியாளரிடம் கோப்பை வாங்கிப் புரட்டினார். தலைமையகத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையின் படி அதில் இருந்தது. "அறுபதாயிரம் லிட்டர் தொல்நீரும் எனது நேரடிப் பாதுகாப்பில் உள்ளது" என்று, பாராட்டு வரட்டும் என்பதற்காக, அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். முத்திரை உடைந்தாலே ஏழு வருடம் என்றால் அறுபதாயிரம் லிட்டர் காணாமற்போனதற்கு எத்தனை என்று உதவியாளர் மனக்கணக்குப் போடுவது அவர் உதட்டசைவில் தெரிந்தது.

கவியரசனின் முகத்தில் நிறம் இறங்கியது. நெற்றி வேர்த்தது. விரல்கள் கோப்பின் நாடாவைத் தேடித் தடுமாறின. அரங்கநாதனுக்கு அதெல்லாம் நன்றாகத் தெரிந்த விஷயங்கள். ஓர் அதிகாரியின் உடம்பிலும் அவை நடக்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதைப் பார்த்ததில் அவருடைய பயம் கூடிப்போனது.

ஜீப்புக்குள் உட்கார்ந்து கவியரசன் ஒரு மணி நேரம் போனில் பேசினார். இறங்கி வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முத்திரையை நீங்கள் உடைக்கவில்லை."

"ஒடச்சேன் சார்."

"உடைக்கவில்லை. மக்கள் நலன் கருதி இயக்ககமே நேற்று பிற்பகல் தொல்நீரைப் பொதுமக்களுக்கு இரவல் கொடுத்திருக்கிறது. திருப்பிப் பெற்றுக்கொள்ளும் நிபந்தனையோடு. புரிகிறதா?"

அரங்கநாதனுக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். ஜீப்பிலிருந்து ஒரு பெரிய பதிவேடு வந்தது. பெயர், அளவு, பெற்ற நேரம், திருப்பி ஒப்படைக்கும் நாள், கையொப்பம் என்று கட்டங்கள் போட்டார்கள். தண்ணீர் வாங்கும் ஒவ்வொருவரும், நேற்று வாங்கியவர்களும் இனி வாங்குபவர்களும், அதில் எழுத வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அரங்கநாதனே பொறுப்பு. மோட்டார் அறை திறக்கப்பட்டது.

அரங்கநாதன் பதிவேட்டைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனார். தண்ணீர் வருகிறது என்றால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட ஊர் தயாராக இருந்தது. திருப்பி ஒப்படைக்கும் நாள் என்ற கட்டத்தில் சிலர் பொங்கல் என்றார்கள். கலீலுல்லா அடுத்த ரம்ஜான் என்று எழுதினார். ஆஸ்பத்திரியிலிருந்து கண்ணகி போனில் பேசினாள். பிள்ளை கண் திறந்து பால் குடித்துவிட்டானாம், எந்தத் தேதி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். ராஜாம்பாள் பேனாவை வாங்காமல் சொன்னாள்:

"நான் செத்தப்பறம்னு எழுதிக்குங்க. எரிக்கறப்ப ஆவியாத்தான போவும். அப்ப வந்து புடிச்சிக்கச் சொல்லுங்க."

அரங்கநாதன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பொய் எழுத அவருக்குப் பயம்.

மறுநாள் பதினோரு மணிக்குள் வெயில் ஏறிவிட்டது. டேங்கின் நிழல் சுருங்கிக் காலடிக்குள் போயிருந்தது. கவியரசன் ஜீப்பின் பக்கத்தில் நின்று பதிவேட்டின் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் தூங்கியவர் போல இல்லை. ஜீப்பில் இருந்த பாட்டில்கள் காலியாகிவிட்டன.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவாங்க" என்றார்.

அரங்கநாதன் குழாயடிக்குப் போய் ஒரு சொம்பைக் கழுவி, நிறையப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் சொம்பு. இன்னொரு கையில் பதிவேட்டைத் திறந்து நீட்டினார். அதில் கேலி எதுவும் இல்லை. சொம்பின் விளிம்பிலிருந்து தண்ணீர் தளும்பிப் பதிவேட்டில் இரண்டு சொட்டு விழுந்தது.

"சார், ஒரு கையெழுத்து சார். ஒரு பேரு விட்டுப்போனாலும் நான்தான் பொறுப்புன்னு சொன்னீங்க."

உதவியாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கவியரசன் பேனாவைத் திறந்தார். பெயர் எழுதினார். அளவு, ஒரு சொம்பு. பெற்ற நேரம், பதினொன்று பத்து. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. அவர் சொம்பைப் பார்த்தார். சற்று யோசித்து, "மேலிடத்து உத்தரவு வரும் நாளில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு சொம்பை வாங்கி மூச்சு விடாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு காலிச் சொம்பை நீட்டினார்.

"இன்னொரு சொம்பு."

அரங்கநாதன் சொம்பை வாங்கவில்லை. பதிவேட்டில் அதற்கு அடுத்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.